நீல் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்

‘டெட் போயட்ஸ் சொசைட்டி’ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மேசைமேல் ஏறி நிற்கும் பையன்கள்தான். படத்தில் ஆசிரியர் கீட்டிங்காக நடித்த ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் இறந்தபோது, ஜிம்மி ஃபாலன் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மேசைமேல் ஏறி நின்றுதான் அஞ்சலி செலுத்தினார். படம் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஒரு காட்சி அவ்வளவு பெரிதாக வளர்ந்து, படத்தின் மீதி இரண்டு மணி நேரத்தையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

எனக்கு அந்த மீதி இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆசிரியர் கீட்டிங்கைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரே விடுதி அறையில் எதிரெதிர்க் கட்டில்களில் படுக்கிற இரண்டு பையன்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். நீல் பெர்ரி, டாட் ஆண்டர்சன். இது ஓர் ஆசிரியரின் கதையாக இருப்பதைவிட இந்த இருவரின் கதையாகத்தான் நன்றாக நிற்கிறது என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு உறுதியாகிறது. (படத்தைப் பார்க்காதவர்களுக்கு: முடிவுவரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன். கதையில் ஒரு தற்கொலை வருகிறது.)

முதலில் பள்ளிக்கூடம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வெல்டன் அகாடமி என்ற கற்பனையான ஆண்கள் உறைவிடப் பள்ளி. 1959, கல்வியாண்டின் முதல் நாள். பள்ளிக்கு அன்று நூறு வயது. பேக்பைப் வாசிக்க, மாணவர்கள் பதாகை ஏந்தி வருகிறார்கள். ஒவ்வொரு பதாகையிலும் ஒரு சொல்: மரபு, மானம், ஒழுக்கம், மேன்மை. தலைமையாசிரியர் நோலன் மேடையேறிக் கணக்குச் சொல்கிறார். தொடங்கிய ஆண்டு ஐந்து பேர் தேர்ச்சி பெற்று வெளியேறினார்கள். சென்ற ஆண்டு ஐம்பத்தொரு பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஐவி லீக் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் கைதட்டுகிறார்கள். அவர்கள் கட்டணம் கட்டுவது அந்த முக்கால்வாசிக்காகத்தான். ஒரு வசனத்தைக்கூட வீணாக்காமல், இந்தப் பள்ளி எதை விற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே காட்டிவிடுகிறார் இயக்குநர் பீட்டர் வியர்.

வியர் ஆஸ்திரேலியர். கண்டிப்பான பள்ளி அவருக்குப் புதிய களமும் இல்லை. 1975-இல் அவர் எடுத்த ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’ படத்தில், 1900-ஆம் ஆண்டின் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளி வருகிறது. இறுக்கிக் கட்டிய உடைகளோடு சுற்றுலா போன பெண்களில் சிலர் பாறைகளுக்கிடையே காணாமல் போகிறார்கள். பின்னாளில் 1998-இல் ‘தி ட்ரூமன் ஷோ’. யாரோ கட்டிவைத்த சுவருக்குள் தன் வாழ்க்கை என்று நம்பி வாழும் மனிதர்கள்மேல் அவருக்குத் தீராத ஈடுபாடு உண்டு. வெல்டனின் கல் கட்டடங்களையும் வெளியே பறக்கும் பறவைக் கூட்டத்தையும் அவர் மாறி மாறிக் காட்டும்போது அது தெரியும். டெலவேரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற உண்மையான பள்ளியில் எடுத்தார்கள். கதை நகரும் வரிசையிலேயே படப்பிடிப்பை நடத்தினார் வியர். அதனால்தான் தொடக்கத்தில் அந்தப் பையன்களுக்கு இடையே இருக்கும் தயக்கமும் பின்னால் வரும் நெருக்கமும் நடிப்பாகவே தெரிவதில்லை.

இப்போது அந்த அறைக்கு வருவோம்.

டாட் அங்கே புதியவன். அவன் அண்ணன் இதே பள்ளியில் முதலிடம் பெற்றுப் போனவன். வருகிற எல்லோரும் டாடிடம் அண்ணனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். டாடுக்கு வாயே வராது. வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிந்துவிடும். ஈதன் ஹாக்குக்கு அப்போது பதினெட்டு வயது. தோளைச் சுருக்கி, கண்ணை எங்கேயாவது வைத்துக்கொண்டு, ஒரு மனிதன் தன்னையே எப்படி மடித்து வைத்துக்கொள்கிறான் என்று காட்டியிருப்பார்.

நீல் நேர் எதிர். நண்பர்கள் கூட்டத்துக்கு அவன்தான் நடுநாயகம். ராபர்ட் ஷான் லெனர்ட் அந்த வேடத்தில் வந்து நின்றாலே சுற்றியிருப்பவர்களின் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அதே முதல் நாள், அதே அறையில், நீலின் அப்பா உள்ளே வருகிறார். பாடத்துக்கு வெளியே நீ நிறைய வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்கிறாய், பள்ளி ஆண்டு மலர்ப் பொறுப்பை விட்டுவிடு என்கிறார். நீல் நண்பர்கள்முன் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறான். வெளியே வா என்று நடைபாதைக்கு அழைத்துப் போய், எல்லோர் முன்னாலும் என்னை எதிர்த்துப் பேசாதே என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார் அப்பா. நீல் மன்னிப்புக் கேட்கிறான். அப்பா போனபின், ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்கும் நண்பர்களிடம், நீங்கள் மட்டும் உங்கள் அப்பாக்களிடம் பேசிவிடுகிறீர்களா என்று திருப்பிக் கேட்கிறான். இந்தச் சின்னக் காட்சிக்குள் மொத்தப் படமும் இருக்கிறது. கீட்டிங் இன்னும் வகுப்புக்கு வரவே இல்லை.

கீட்டிங் வந்தபின் நடப்பவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விசிலடித்தபடி வகுப்புக்குள் நுழைந்து மறு கதவு வழியே வெளியேறுகிறார். தன்னைக் ‘கேப்டன்’ என்று அழைக்கச் சொல்கிறார். கூடத்தில் இருக்கும் பழைய மாணவர்களின் புகைப்படங்கள்முன் பையன்களை நிறுத்தி, இவர்களும் உங்களைப் போலத்தான் இருந்தார்கள், இப்போது மண்ணுக்கு உரமாகிவிட்டார்கள் என்கிறார். பாடப்புத்தகத்தில் ஜே. எவன்ஸ் பிரிட்சார்டு என்பவர் எழுதிய முன்னுரையைக் கிழித்துப் போடச் சொல்கிறார். ஒரு கவிதையின் செய்நேர்த்தியைக் கிடைக்கோட்டிலும் முக்கியத்துவத்தைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்து, பரப்பளவைக் கணக்கிட்டால் அதன் பெருமை தெரிந்துவிடும் என்பது பிரிட்சார்டின் வாதம். பிரிட்சார்டு கற்பனைப் பாத்திரம். ஆனால் 1956-இல் வெளிவந்து அமெரிக்க வகுப்பறைகளில் பல்லாண்டு புழங்கிய ‘சவுண்ட் அண்ட் சென்ஸ்’ என்ற பாடநூலில், லாரன்ஸ் பெரைன் இதே பரப்பளவு ஒப்புமையை எழுதியிருக்கிறார். திரைக்கதை எழுதிய டாம் ஷுல்மன் ஆளைக் குறிவைத்துத்தான் அடித்திருக்கிறார்.

அந்தக் கிழிப்பில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. பெரைனின் நூல் முட்டாள்தனமான நூல் இல்லை. ஒரு கவிதையைப் பொறுமையாக, சொல் சொல்லாகப் படிக்க அது பலருக்குக் கற்றுக்கொடுத்தது. கீட்டிங்கின் வகுப்பில் ஒரு கவிதையையாவது முழுதாக உட்கார்ந்து படிப்பதைப் படம் காட்டவே இல்லை. கெவின் டெட்மார் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 2014-இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் இந்தக் குறையை வைத்தே கடுமையான கட்டுரை எழுதினார். ரோஜர் ஈபர்ட்டும் படம் வெளிவந்தபோது இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தார். நாக்ஸ் என்ற பையனின் காதல் கிளைக்கதையும் இன்று பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. விருந்தொன்றில் தூக்கத்தில் சாய்ந்திருக்கும் பெண்ணை அவள் அறியாமல் முத்தமிடுவதைப் படம் துணிச்சல் என்கிறது. எனக்கு அது துணிச்சலாகத் தெரியவில்லை.

ஆனால் இலக்கியம் கற்பிக்கும் முறை என்று பார்த்தால் தோற்கிற இந்தப் படம், ஓர் ஆசிரியர் ஒரு குறிப்பிட்ட மாணவனுக்கு என்ன செய்ய முடியும் என்பதில் வியக்கத்தக்க அளவு துல்லியமாக இருக்கிறது. டாடின் காட்சியைச் சொல்கிறேன்.

எல்லோரும் சொந்தமாக ஒரு கவிதை எழுதி வந்து வகுப்பில் படிக்க வேண்டும். டாட் முந்தின இரவு எழுதி, கிழித்துப் போட்டுவிட்டான். முறை வந்ததும் எழுதவில்லை என்கிறான். தனக்குள் இருப்பது எல்லாமே மதிப்பற்றது, வெட்கப்பட வேண்டியது என்று ஆண்டர்சன் நினைக்கிறார், இல்லையா என்று கீட்டிங் கேட்கிறார். கொடுமையான கேள்விதான், பையனின் நோயை எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி அழைப்பது. பிறகு அவனை முன்னால் இழுத்து வருகிறார். முதலில் ஒரு கூச்சல் போடச் சொல்கிறார். மெல்லிய குரல் வருகிறது. இன்னும், இன்னும் என்று எரிச்சலூட்டுகிறார். கோபத்தில் ஓர் அலறல் வெளியே வந்ததும், பார், உள்ளே ஒரு காட்டுவாசி இருக்கிறான் என்று விடாமல் பிடித்துக்கொள்கிறார். சுவரில் வால்ட் விட்மனின் படம். அதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? பைத்தியக்காரன். எப்படிப்பட்ட பைத்தியக்காரன்? யோசிக்காதே, சொல். டாடின் கண்களைத் தன் கையால் மூடி, அவனைச் சுற்றச் செய்கிறார். கேமராவும் அவர்களைச் சுற்றத் தொடங்குகிறது. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. ஒரு போர்வை வருகிறது, எப்படி இழுத்தாலும் காலை மூடாத போர்வை. யாரோ சிரிக்கிறார்கள். அவர்களை விடு, போர்வையைப் பிடித்துக்கொள் என்கிறார் கீட்டிங். கையை எடுத்துவிடுகிறார். டாட் கண்ணை மூடியபடியே பேசி முடிக்கிறான். வகுப்பு ஒரு கணம் உறைந்துபோய், பிறகு கைதட்டுகிறது.

இதில் கீட்டிங் அவனுக்கு ஒரு சொல்லைக்கூடக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வகுப்பை அவன் கண்ணிலிருந்து மறைத்தது மட்டும்தான் அவர் செய்தது. யார் பார்க்கிறார்கள் என்ற பயத்துக்கு அடியில் அவனிடம் ஏற்கெனவே எல்லாம் இருந்தது. திரையில் நான் பார்த்த கற்பித்தல் காட்சிகளில் இதற்கு மேலான ஒன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. மேடைச் சிரிப்புக்குப் பேர்போன ராபின் வில்லியம்ஸ் இங்கே தன்னை எவ்வளவு அடக்கிக்கொள்கிறார் என்பதும் பார்க்க வேண்டியது. அவர் முகம் முழுவதும் கவனமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் டாடைத் திறந்ததில் பாதிப் பங்கு நீலுடையது. இதைப் படம் அடித்துச் சொல்வதில்லை, அதனாலேயே பலரும் தவறவிடுகிறார்கள். கீட்டிங் மாணவராக இருந்த காலத்தில் நடத்திய இரகசியக் கவிதைக் குழுவை மீண்டும் தொடங்குவோம் என்று பள்ளிக்கு அருகிலிருந்த குகைக்குப் பையன்களைத் திரட்டுபவன் நீல். டாடுக்கு வாசிக்கப் பயம் என்று தெரிந்ததும், நீ வாசிக்க வேண்டாம், நடவடிக்கைக் குறிப்பு எழுது என்று மற்றவர்களிடம் பேசி முடிப்பவனும் அவன்தான். பிறந்தநாளன்று டாடின் பெற்றோர் அவனுக்கு ஒரு மேசைச் சாமான் தொகுப்பு அனுப்புகிறார்கள். சென்ற ஆண்டும் அதே தொகுப்பைத்தான் அனுப்பினார்கள். நினைவே இல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். டாட் அதை மடியில் வைத்துக்கொண்டு இரவில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். நீல் வருகிறான். ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. இந்தப் பொருள் பறப்பதற்கென்றே செய்தது போலிருக்கிறதே என்று பேச்சை வளர்த்து, அதைத் தடுப்புச் சுவருக்கு அப்பால் டாடையே வீசச் செய்கிறான். தாள்கள் காற்றில் பறக்கின்றன. கவலைப்படாதே, அடுத்த வருடம் இன்னொன்று வரும் என்கிறான். டாட் படத்தில் மனம்விட்டுச் சிரிப்பது அப்போதுதான்.

இன்னொரு காட்சி. ஊர் நாடகக் குழு ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ போடப்போகிறது என்ற துண்டறிக்கையோடு நீல் அறைக்குள் ஓடி வருகிறான். வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு என்ன வேண்டுமென்று தெரிந்துவிட்டது, நான் நடிக்கப்போகிறேன் என்கிறான். டாட் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: உன் அப்பா? நீலுக்குக் கோபம் வருகிறது. நீ யார் பக்கம் என்கிறான். பேச்சு டாட்மேல் திரும்புகிறது. அப்போது டாட் சொல்கிறான், நான் உன்னைப் போல இல்லை, நீ ஏதாவது சொன்னால் எல்லோரும் கேட்பார்கள் என்று.

இந்த வசனத்துக்காகத்தான் இத்தனை நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அது உண்மை. நண்பர்கள் கேட்கிறார்கள். நாடகத்தில் பக் என்ற குறும்புத் தேவதையாக அவன் பேசும்போது அரங்கமே கேட்கும். கேட்காதவர் ஒரே ஒருவர். ஊமை என்று தன்னை நினைத்திருப்பவன் டாட். ஆனால் பேச வேண்டிய ஒருவரிடம் பேசவே முடியாதவன் நீல். இருவரும் படம் முழுக்க எதிரெதிர்த் திசையில் நடந்து, வழியில் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள்.

அப்பாவின் அனுமதிக் கடிதத்தை நீலே தட்டச்சில் அடித்துக்கொள்கிறான். நாடகத்துக்கு முந்தின நாள் அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. விலகிவிடு என்று சொல்லிவிட்டுப் போகிறார். நீல் இரவில் கீட்டிங்கின் அறைக்குப் போகிறான். உள்ளே ஒரு சின்னக் கட்டில், மேசைமேல் இலண்டனில் இருக்கும் காதலியின் புகைப்படம். இந்தத் துறவி வாழ்க்கையை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று நீல் கேட்கிறான். பிறகு விஷயத்தைச் சொல்கிறான். என்னிடம் இப்போது சொன்னதை, நடிப்புமேல் உனக்கு இருக்கும் ஆசையை, உன் அப்பாவிடம் சொன்னாயா என்கிறார் கீட்டிங். அவரிடம் இப்படிப் பேச முடியாது என்கிறான். அப்படியானால் அவரிடமும் நீ நடிக்கிறாய், அடக்கமான மகன் என்ற வேடத்தில் என்கிறார். நாளை மேடையேறுமுன் பேசிவிடு. வேறு சுலபமான வழி இல்லையா? இல்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் பேசினாயா என்று கேட்கிறார். பேசினேன் என்கிறான் நீல். அப்பாவுக்கு விருப்பமில்லை, ஆனாலும் நடிக்க விடுவார் போலிருக்கிறது; அவர் சிகாகோவில் இருக்கிறார், நாடகத்துக்கு வரமாட்டார். நீல் திரும்பிப் போகும்போது கீட்டிங்கின் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் அதற்குமேல் எதுவும் செய்வதில்லை.

கீட்டிங் பொறுப்பற்றவர், பிள்ளைகளைத் தூண்டிவிட்டுக் கைவிட்டவர் என்று குற்றம் சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நீலின் நண்பர்களில் ஒருவனான சார்லியை அவர் கண்டித்ததை மறந்துவிடக் கூடாது. பள்ளிக் கூட்டத்தின் நடுவே தொலைபேசி மணி அடிக்க, கடவுள் அழைக்கிறார், வெல்டனில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்கிறார் என்று விளையாடுகிறான் சார்லி. நோலனிடம் மரக்கட்டையால் அடி வாங்குகிறான். நண்பர்களிடம் வீரனாகத் திரும்புகிறான். கீட்டிங் மட்டும் பாராட்டவில்லை. துணிவதற்கு ஒரு நேரம், எச்சரிக்கையாக இருப்பதற்கு ஒரு நேரம். பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டால் என் வகுப்பில் உட்காரும் வாய்ப்பும் போய்விடும் என்கிறார். 1969-இல் வந்த ‘தி பிரைம் ஆஃப் மிஸ் ஜீன் பிரோடி’ படத்தில் மேகி ஸ்மித் ஏற்ற ஆசிரியை இதைச் செய்யமாட்டார். எடின்பரோவின் கண்டிப்பான பள்ளியில் முசோலினியையும் ஃபிராங்கோவையும் புகழ்ந்து மாணவிகளை மயக்கிவைத்திருக்கும் அவர், தன் பேச்சை நம்பி ஸ்பெயினுக்குக் கிளம்பி இறந்துபோன மாணவியை நினைத்துப் பெருமைப்படுவார். மாணவர்கள் தன் நீட்சியாக வேண்டும் என்பது பிரோடியின் ஆசை. கீட்டிங்குக்கு அந்த ஆசை இல்லை. அவரிடம் நான் காணும் குறை வேறு. ஓர் உண்மையைத் தெளிவாகச் சொன்னால் கேட்கிறவர் கேட்டுவிடுவார் என்று அவர் நம்புகிறார். அவர் வகுப்பில் அப்படித்தான் நடந்தது. பெர்ரி வீட்டில் அப்படி நடப்பதில்லை.

அப்பா நாடகத்துக்கு வந்துவிடுகிறார். அரங்கின் பின்புறம் நின்று பார்க்கிறார். நீல் அற்புதமாக நடிக்கிறான். கடைசி வசனத்தில் பக் பார்வையாளர்களிடம் மன்னிப்புக் கேட்பது ஷேக்ஸ்பியரின் நாடகத்திலேயே உள்ளது. நீல் அதை அப்பாவைப் பார்த்துக்கொண்டு பேசுகிறான். கிட்டத்தட்ட நானூறு ஆண்டுக்கு முன் இன்னொருவர் எழுதிய சொற்களில்தான் அவனால் அவரிடம் பேச முடிகிறது.

வீட்டில் தீர்ப்பு தயாராக இருக்கிறது. வெல்டனிலிருந்து விலக்கி இராணுவப் பள்ளி, அப்புறம் ஹார்வர்டு, அப்புறம் மருத்துவம். இன்னும் பத்து வருடம், அது ஒரு ஆயுள் என்கிறான் நீல். நான் கனவுகூடக் காணாத வாய்ப்புகள் உனக்குக் கிடைத்திருக்கின்றன என்கிறார் அப்பா. கர்ட்வுட் ஸ்மித் இதை வில்லனாகச் சொல்லவில்லை. அவர் பணக்காரர் இல்லை. கீழிருந்து ஏறி வந்தவர். மகன் வழுக்கிவிடக் கூடாது என்ற பயம் அவர் எலும்பில் இருக்கிறது. படுக்கைக்குப் போகுமுன் செருப்புகளை இம்மி பிசகாமல் நேராக வைக்கிற மனிதர். நான் என்ன உணர்கிறேன் என்று சொல்லியாக வேண்டும் என்று நீல் எழுகிறான். சொல், என்ன உணர்கிறாய், மறுபடியும் அந்த நடிப்பு விஷயமா, அதை மறந்துவிடு. வேறென்ன என்கிறார் அப்பா. கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. அறை காத்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறான் நீல். அப்பா போனபின் அம்மாவிடம் மட்டும், நான் நன்றாக நடித்தேன், உண்மையிலேயே நன்றாக நடித்தேன் என்கிறான். அம்மா, போய்த் தூங்கு என்கிறார்.

அன்றிரவு அவன் தன்னை மாய்த்துக்கொள்கிறான். இந்தப் பகுதியை வியர் எடுத்த விதத்தோடு எனக்குச் சண்டை உண்டு. பனி கொட்டும் ஜன்னல், நாடகத்தில் அணிந்த கிரீடம், மெதுவான அசைவுகள், மோரிஸ் ஜாரின் இசை. ஒரு சடங்கைப் போல அழகாக்கிவிட்டார். பதினேழு வயதில் இதைப் பார்க்கிற ஒரு பிள்ளைக்கு இந்த அழகு ஆகாது. சாவுக்கு முந்தின நொடியைவிட, அந்த ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலில்தான் சோகம் இருக்கிறது. அவனுக்கு மறுநாள் என்று ஒன்று இருந்தது. அறை நண்பன் இருந்தான். கதவைத் தட்டினால் திறக்கிற ஆசிரியர் இருந்தார். படம் அதையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்கு மறந்துவிடுகிறது. பார்க்கிற நாம் மறக்க வேண்டியதில்லை.

பிறகு விசாரணை. பழி போடப் பள்ளிக்கு ஓர் ஆள் தேவை. கேமரன் என்ற மாணவன் முதலில் போய்ப் பேசிவிடுகிறான். நம்மைக் காப்பாற்றிக்கொள்வோம், கீட்டிங்கைக் காப்பாற்ற முடியாது என்று மற்றவர்களுக்கும் புத்தி சொல்கிறான். சார்லி அவனை அடித்து, பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறான். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்படுகிறார்கள். டாடின் பெற்றோர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கீட்டிங்தான் பையன்களைத் தூண்டினார் என்று எழுதிய தாள். நண்பர்களின் கையெழுத்து ஏற்கெனவே அதில் இருக்கிறது. பேனா நீட்டப்படுகிறது. காட்சி அங்கேயே வெட்டப்படுகிறது.

நோலனைப் பற்றி ஒரு வார்த்தை. நார்மன் லாய்ட் நடித்த அந்தக் கிழவரை வெறும் கொடுங்கோலராகப் பார்த்துப் போய்விடலாம். ஆனால் நடுவில் கீட்டிங்கின் வகுப்பறையில் அவர் நின்று, இதுதான் என் முதல் வகுப்பறை, ஆங்கிலம் எடுத்தேன், விடுவதற்குக் கஷ்டமாக இருந்தது என்கிற இடம் ஒன்று உண்டு. கீட்டிங்குக்கே அது தெரியாது. லத்தீன் ஆசிரியர் மெக்காலிஸ்டர் இன்னொருவர். பையன்களைக் கலைஞர்களாகச் சொல்லித் தூண்டுகிறாய், தாங்கள் ஷேக்ஸ்பியரோ மொட்சார்ட்டோ இல்லை என்று தெரியும் நாளில் உன்னை வெறுப்பார்கள் என்று சாப்பாட்டு மேசையில் கீட்டிங்கிடம் வாதாடியவர். கடைசியில், வேலை போன கீட்டிங் ஜன்னல் வழியே பார்க்கும்போது, அந்த மெக்காலிஸ்டர் பனியில் மாணவர்களை நடத்திச் சென்று லத்தீன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். மேலே பார்த்துக் கையசைக்கிறார். சில நொடிதான். கீட்டிங்கின் வெற்றி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், மேசைகளுக்கு முன்னால் நான் இதைக் காட்டுவேன்.

இனி அந்த மேசைகள். நோலனே வகுப்பெடுக்க வருகிறார். முன்னுரையைப் படி என்கிறார். எல்லாப் புத்தகத்திலும் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. தன் புத்தகத்தையே கொடுத்துக் கேமரனைப் படிக்கச் சொல்கிறார். கீட்டிங் தன் பொருள்களை எடுக்க வருகிறார். கதவை நோக்கிப் போகும்போது டாட் எழுந்து கத்துகிறான். அவன் முதலில் சொல்வது ‘கேப்டன்’ இல்லை. எல்லோரிடமும் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள், என்னை நம்புங்கள் என்கிறான். வெட்டப்பட்ட காட்சிக்கு விடை இங்கே வருகிறது. டாட் கையெழுத்துப் போட்டுவிட்டான். நம்புகிறேன் டாட் என்கிறார் கீட்டிங். நோலன் மிரட்டுகிறார். கீட்டிங் கதவருகே போய்விட்டார். அப்போதுதான் டாட் மேசைமேல் ஏறி, முதல் வகுப்பில் அவர் தன்னை அழைக்கச் சொன்ன அந்தப் பெயரைச் சொல்கிறான். லிங்கன் 1865-இல் கொல்லப்பட்டபோது விட்மன் எழுதிய இரங்கற்பாவிலிருந்து வந்த பெயர் அது. கப்பல் கரை சேர்ந்துவிட்டது, கரை சேர்த்தவர் இல்லை என்பது அந்தப் பாட்டின் துயரம். முதல் வகுப்பில் வேடிக்கையாகக் கேட்ட பெயரில் இப்போது நீலும் இருக்கிறான்.

பிறகு நண்பர்கள் நாக்ஸ், பிட்ஸ், மீக்ஸ், இன்னும் சிலர். எல்லோரும் ஏறுவதில்லை என்பதையும் பாருங்கள். வகுப்பில் கணிசமானவர்கள் தலை குனிந்து உட்கார்ந்தே இருக்கிறார்கள், கேமரன் உட்பட. வியர் அவர்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளவில்லை. நிற்பவர்களின் கால்களுக்கு இடையே அவர்கள் தெரிகிறார்கள். இந்தி ‘மொஹபத்தேன்’ 2000-இல் இந்தக் கதையின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டபோது கண்டிப்பான தலைமையாசிரியரே மனம் திருந்துவதாக முடித்தது. இங்கே நோலன் கடைசிவரை, உட்கார், உட்கார் என்று கத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

ஷுல்மன் இந்தக் கதையை டென்னசியின் நாஷ்வில்லில் தான் படித்த மான்ட்கமரி பெல் அகாடமியையும், அங்கே தனக்கு ஆங்கிலம் எடுத்த சாமுவேல் பிக்கரிங்கையும் மனத்தில் வைத்து எழுதினார். பிக்கரிங் பின்னாளில் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் கட்டுரையாளராகவும் ஆனவர். திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. முதல் வடிவத்தில் கீட்டிங்குக்குப் புற்றுநோய். அவர் சாகப்போகிறார் என்பது பையன்களுக்குத் தெரிய வருகிற மருத்துவமனைக் காட்சி ஒன்று இருந்தது. வியர் அதை நீக்கச் சொன்னார். சாகப்போகிறவருக்காக எழுந்து நிற்பது யாருக்கும் எளிது என்பது அவருடைய வாதம் என்று ஷுல்மன் பிறகு சொல்லியிருக்கிறார். வியர் செய்தது சரி. நோயை வைத்திருந்தால் டாட் ஒரு நோயாளிக்கு மரியாதை செய்பவனாகியிருப்பான். இப்போது அவன் நிற்பது, தன் கையெழுத்தால் வேலை இழந்த ஒருவர்முன். வாயே வராது என்று இருந்தவன், நீல் தன் அப்பாவிடம் சொல்ல முடியாமல் விழுங்கியதைப் போன்ற கடினமான ஒன்றை, தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கேட்க வேண்டியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டான். அதன்பிறகுதான் மேசைமேல் ஏறினான்.